நாக்கை நீட்டு

இப்படி உட்காருங்க அக்கா. ஜன்னல் ஓரம் நீங்க எடுத்துக்குங்க, எனக்கு இந்தத் தூக்கை மடியில வச்சுக்க இடம் இருந்தால் போதும். உள்ளே வெண்பொங்கல். சாய்ஞ்சால் மூடி திறந்துக்கும். மகளுக்குத்தான் கொண்டுபோறேன், பெரியாஸ்பத்திரியில நாலு நாளா இருக்கா. நீங்களும் அங்கேதானா? கண்ணுக்கா? புரையா? அதெல்லாம் இப்போ ஒண்ணுமே இல்லை, காலையில போய் மத்தியானம் வந்துடலாமாம். அப்போ இறங்குற வரைக்கும் ஒண்ணாவே போகலாம். படி இறங்கும்போது கையைப் பிடிச்சுக்குங்க.

என் பேர் பூங்கோதை. கொட்டரைப்பட்டி. அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடு சமைக்கிறேன். அஞ்சாவது வரைக்கும் நானும் அங்கேதான் படிச்சேன். பத்தாவதோட நிறுத்திக் கட்டிக்கொடுத்துட்டாங்க. இப்போ எனக்கு முப்பத்திரண்டு, மகளுக்குப் பதினாலு. ரெண்டு பேரும் சேர்ந்து போனால் அக்கா தங்கச்சியான்னு கேட்பாங்க. நான் இல்லைன்னு சொல்லமாட்டேன், சிரிச்சுக்குவேன். அவதான் "அம்மா"ன்னு சத்தமாக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்துடுவாள். முன்னே எல்லாம் அப்படி. தன்ஷிகான்னு பேர்.

உடம்புக்கு என்னன்னா, ரத்தம் இல்லை. அவ்வளவுதான். கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறும்போது நடுப்படியில விழுந்துட்டாள். தூக்கிட்டு வந்தப்போ உதடு இந்தப் பொங்கல் மாதிரி வெள்ளை. நாலரைதான் இருக்குன்னாங்க. பன்னிரண்டு இருக்கணுமாம். ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்கு. இருதயம் வீங்கியிருக்கு, இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்றதுக்கில்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கவனிக்கலையான்னு என்னையே கேட்டாங்க அக்கா. என்னை. நான் கவனிக்கலைன்னு என் எதிரி கூடச் சொல்லமாட்டான்.

அறுபத்திரண்டு நாள் போட்டோ வச்சிருக்கேன்.

முதல்லேர்ந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஆடி மாசம் உயர்நிலைப் பள்ளிக்கு டாக்டர் வண்டி வந்தது. பிள்ளைகளை வரிசையா நிறுத்தி விரல்ல குத்திப் பார்த்தாங்க. இவளுக்கு எட்டுக்குக் கீழே. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு இது ரொம்பக் கம்மி, தொண்ணூறு நாளைக்குத் தினம் ஒரு மாத்திரை விடாமப் போடணும்னு கொடுத்துட்டுப் போனாங்க. நீலக்கலர் மாத்திரை, பார்த்திருப்பீங்க. எஸ்தர் டீச்சர்தான் அவளோட கிளாஸ் டீச்சர், என்னைக் கூப்பிட்டுவிட்டாங்க. "பூங்கோதை, இந்தப் பிள்ளைங்க வாங்கி வச்சுக்கிட்டுப் போடாம ஏமாத்தும். நீங்க கண்ணால பார்த்து முழுங்க வைக்கணும்"னாங்க.

கண்ணால பார்த்தால் போதுமா? எங்க வேலை எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. நாங்க விடிகாலையில அடுப்புப் பத்த வைக்கிறோம். அரிசி போட்டதுக்கு ஒரு போட்டோ, வெந்ததுக்கு ஒரு போட்டோ, பிள்ளைங்க தட்டோட உட்கார்ந்ததுக்கு ஒரு போட்டோ. எட்டரைக்குள்ள போன்ல ஏத்தணும். ஒருநாள் சிக்னல் இல்லை, ஏறலை. நாற்பத்தொரு பிள்ளையும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, கை கழுவிட்டு வகுப்புக்குப் போயாச்சு. ஆபீஸ்லேர்ந்து போன். "ஏம்மா, இன்னிக்குச் சமைக்கலையா?" "சமைச்சோம் சார்." "ஒண்ணும் வரலையே?" "பிள்ளைங்க வயித்துல இருக்கு சார்"ன்னேன். "வயிறு எனக்குத் தெரியாதும்மா, போட்டோதான் தெரியும்"ங்கிறார். என்கூடச் சமைக்கிற அஞ்சலை அக்கா அன்னிக்கு அழுதுடுச்சு. நான் அழலை. நான் பாடம் படிச்சுக்கிட்டேன். செஞ்சால் மட்டும் போதாது, காட்டணும்.

அதனால மகளுக்கும் அதே ஏற்பாடுதான். காலையில ஏழு மணிக்கு நான் சமையல்ல இருப்பேன், அவ பள்ளிக்கூடம் போற வழியில சமையல்கூடத்துக்கு வருவாள். சாப்பாடு அங்கேயே, லீவு நாள்னா வீட்டுல. அப்புறம் மாத்திரை. அப்புறம் "நாக்கை நீட்டு." நீட்டுவாள். நாக்கு மேல மாத்திரை, ஒரு போட்டோ. தண்ணி குடிச்சதும் வாயை ஆன்னு திறந்து இன்னொண்ணு, நாக்குல நீலம் ஒட்டியிருக்கும். அதுதான் சாட்சி. கீழே 'நாள் 1', 'நாள் 2'ன்னு எழுதி ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் குரூப்புல போட்டுடுவேன். டீச்சர் பார்க்கணும், மத்த அம்மாக்களும் பார்த்துத் தங்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்கணும். எனக்கு ஒளிவு மறைவு கிடையாது.

முதல் வாரம் அப்படி ஒரு வரவேற்பு அக்கா. கைதட்டுற பொம்மை, பூ, 'சூப்பர் அம்மா'. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற அவளோட அப்பா கூட, "என்னடி, நம்ம பாப்பா நாக்கு குரூப்புக்குக் குரூப்பு வந்துக்கிட்டு இருக்கு"ன்னு சிரிச்சார். அவர் கம்பெனியில எங்க ஊர்க்காரர் ஒருத்தர் காட்டினாராம்.

எஸ்தர் டீச்சர்தான் ஒரு மாதிரி. ஒருநாள் தனியாக் கூப்பிட்டு, "குரூப்புல வேண்டாம் பூங்கோதை, எனக்கு மட்டும் அனுப்புங்க. வயசுப் பிள்ளை"ன்னாங்க. நல்ல டீச்சர்தான், ஆனால் கூச்ச சுபாவம். மாத்திரை போடுறது என்ன திருட்டுத்தனமா, ஒளிச்சுச் செய்ய? அவங்களுக்கு மட்டும் அனுப்பி, நாளைக்கு அவங்க வரலைன்னு சொல்லிட்டால் எனக்கு யார் சாட்சி? "சரி டீச்சர்"ன்னு சொல்லிட்டு வந்து வழக்கம்போலப் போட்டேன். அஞ்சலை அக்கா கூட, "ஏண்டி, பிள்ளை வாயைத் தினமும் ஊருக்குத் திறந்து காட்டுறியே, கொட்டாவியாவது தனியா விடவிடு"ன்னு கிண்டல் பண்ணும். அதுக்குப் பொறாமை. அது பேத்திக்கும் ரத்தம் கம்மிதான், ஒரு போட்டோ எடுத்திருக்குமா?

இருபத்தெட்டாவது நாள். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அன்னிக்குத்தான் குரூப்புலயே அதிகமாப் பேசினாங்க. ஒரு அம்மா கேட்டாங்க, இந்த மாத்திரை போட்டால் என் மகளுக்கு வெளிக்குக் கருப்பாப் போகுதே, உங்க தன்ஷிகாவுக்கும் அப்படித்தானான்னு. பாவம், பயந்து கேட்குறாங்க. நான் குரல்பதிவுல பேசி அனுப்பினேன். ஆமாம்மா, எங்க பாப்பாவுக்கும் கருப்பாத்தான் போகுது, தார் மாதிரி, வயிறும் கட்டிக்குது, வாழைப்பழம் கொடுங்க, ஒண்ணும் பயப்படாதீங்கன்னு. எத்தனை பேருக்கு உபயோகம் பாருங்க. பதினெட்டுப் பேர் நன்றி சொன்னாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையை வச்சுட்டுப் போய்ப் படுத்தவள்தான். சாப்பிடலை. தலைவலின்னாள். வயசுக்கு வந்த பிள்ளை, ஆயிரம் இருக்கும்னு விட்டுட்டேன். மறுநாள் காலையில தானா வந்து உட்கார்ந்து, நான் சொல்றதுக்கு முன்னாடியே நாக்கை நீட்டினாள். அதுலேர்ந்து ஒரு சொல் எதிர்த்துப் பேசலை. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு.

அந்தச் சமயத்துலதான் யாரோ ஸ்டிக்கர் பண்ணிட்டாங்க. ஸ்டிக்கர்னா, போன்ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்குற சின்னப் படம். இவ நாக்கை நீட்டின போட்டோவை வெட்டி, நாக்கை இன்னும் நீலமாக்கி, ஓணான் உடம்புல ஒட்டி, கீழே 'ஆ காட்டு'ன்னு எழுத்து. எங்க மகளிர் குழு குரூப்புக்கே வந்துடுச்சு. நான் பொய் சொல்லமாட்டேன், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அவ்வளவு பொருத்தமா ஒட்டியிருந்தான், எந்தப் பிள்ளையோ. நானும் எடுத்து வச்சுக்கிட்டேன். கோபப்பட்டால் இன்னும் செய்வாங்க, சிரிச்சுட்டால் அடங்கிடுவாங்க. நாங்க படிக்கும்போது என்னைக் 'குண்டூசி'ன்னு கூப்பிடாத ஆள் கிடையாது. நான் செத்தா போயிட்டேன்?

அவகிட்ட ஒரு போன் இருந்தது. என் பழைய போன்தான், கண்ணாடி கீறினது. பாடம் அதுல அனுப்புறாங்களேன்னு கொடுத்து வச்சிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் நான் வாசல்ல உட்கார்ந்து கீரை ஆயறேன், அவ உள்ளே படுத்திருக்காள். நடுவுல ஒரு சுவர். என் போன்ல டிங்குன்னு சத்தம். பார்த்தால் அவதான். 'அம்மா குரூப்ல போடாத.' கொஞ்ச நேரம் கழிச்சு, 'ப்ளீஸ்மா.' அப்புறம், 'நான் மாத்திரை போட்டுக்கிறேன் போட்டோ மட்டும் வேண்டாம்.' ஒரே வீட்டுக்குள்ள, கூப்பிட்டால் கேட்கிற தூரத்துல இருந்துக்கிட்டு எனக்கு மெசேஜ் அனுப்புறாள். எனக்குத் தமாஷா இருந்தது. கை எல்லாம் கீரை, எங்கே எழுதறது? அந்த ஓணான் ஸ்டிக்கரையே தட்டிவிட்டேன், சிரிப்பாள்னு.

அப்புறம் மெசேஜ் வரலை.

ஆவணியில பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம். பிள்ளைகளும் செல்போனும்னு தலைப்பு. ஒரு மேடம் வந்து பேசினாங்க. பிள்ளைங்க தூங்கமாட்டாங்க, சாப்பிடமாட்டாங்க, யார்கிட்டயும் பேசமாட்டாங்க, படிப்புல நாட்டம் குறையும், எல்லாம் சொன்னாங்க. நான் ஒண்ணொண்ணுக்கும் விரலை மடக்கிக்கிட்டே வர்றேன். எல்லாமே இவளுக்கு இருக்கு அக்கா. எல்லாமே. அந்த மேடம் இன்னொண்ணும் சொன்னாங்க, பிள்ளைங்க போட்டோவை யோசிக்காமப் பெரியவங்களே அங்கங்கே போடறதைப் பத்தி. அது ஊர்சுத்திப் படம் போடறாங்களே, பட்டணத்துப் பணக்காரங்க, அவங்களுக்கு. நமக்கு அது பொருந்தாது. நம்மளுது மருந்து.

கடைசியில பெற்றோர் யாராவது பேசலாம்னாங்க. யாரும் எழுந்திருக்கலை. நான்தான் எழுந்தேன், பள்ளி மேலாண்மைக் குழுவுல வேற இருக்கேனே. "பெத்தவங்க போன் எல்லாம் பிள்ளைங்க கையிலதான் இருக்கு. நம்ம குரூப்பையே நம்மளைவிடப் பிள்ளைங்கதான் முதல்ல பார்க்குது. இதை நாமதான் நிறுத்தணும்"ன்னு பேசினேன். அப்படி ஒரு கைதட்டல். எஸ்தர் டீச்சர் மட்டும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்கே வீட்டுக்கு வந்து அவ போனை வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி நாம செய்யணும் இல்லையா? அவ கொடுத்துட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாள். எனக்கே ஆச்சரியம், இவ்வளவு சுலபமாக் கொடுத்துட்டாளேன்னு.

அதுக்கப்புறம் எஸ்தர் டீச்சர் ரெண்டு தடவை சொல்லியனுப்பினாங்க. வகுப்புல எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னால் வாயைத் திறக்கமாட்டேங்கிறாளாம். மத்தியானச் சாப்பாட்டைத் தட்டுல வாங்கிட்டுப் போய் அப்படியே கொட்டிடுறாளாம். ஏன்னு கேட்டால், சுத்தி உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க நாக்கை நீட்டிக் காட்டுதாம், இவ வாயைத் திறந்தால் எட்டி எட்டிப் பார்க்குதாம். பிள்ளைங்கன்னா அப்படித்தான். "நான் காலையில வயிறு நிறையப் போடுறேன் டீச்சர், மத்தியானம் ஒருவேளை விட்டால் ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டேன். மாத்திரைதான் தவறலையே. நாள் 50, நாள் 55, நாள் 60. போட்டோ போட்டோவா இருக்கு. முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்துக்கிட்டு வந்தது. போன்ல வெளிச்சம் கூட இருக்குன்னு நினைச்சேன்.

அறுபத்திரண்டாவது நாள் படியில விழுந்துட்டாள்.

டாக்டரம்மா, "மாத்திரை கொடுத்தீங்களா?"ன்னாங்க. நான் போனை எடுத்து ஒண்ணொண்ணாத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். அவங்க மூணு நாலுதான் பார்த்தாங்க. "ரெண்டு மாசம் விடாமப் போட்டிருந்தால் ஏறியிருக்கணுமே, இது இறங்கியிருக்கு"ன்னாங்க. அப்புறம் அவகிட்டக் குனிஞ்சு, "நாக்கை நீட்டும்மா கண்ணு, பார்க்கலாம்"ன்னாங்க. மாட்டேன்னுட்டாள். வாயை அப்படி இறுக்கி மூடிக்கிட்டாள், பல் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நானும் சொல்லிப் பார்த்தேன், "நாக்கை நீட்டு பாப்பா, நம்ம டாக்டர்தானே"ன்னு. எனக்கு எதிர்ல கண்ணுலேர்ந்து தண்ணி மட்டும் வருது, வாய் திறக்கலை. டாக்டரம்மா கண் இமையை மட்டும் இழுத்துப் பார்த்துட்டு, என்னை வெளியே நிற்கச் சொல்லிட்டாங்க.

அப்போதான் நர்ஸ் பள்ளிக்கூடப் பையைக் கொட்டிப் பார்த்திருக்காங்க, ஏதாவது தின்னுட்டாளான்னு. காம்பஸ் டப்பாவுக்குள்ள மாத்திரை. நீலம் கரைஞ்சு, வெள்ளையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. எண்ணினாங்க. முப்பத்து நாலு.

அப்போ முழுங்கினது இருபத்தெட்டுதான். அதுக்கு மறுநாளிலேர்ந்து ஒண்ணு கூட உள்ளே போகலை. இருபத்தெட்டு நாள் ஒழுங்காப் போட்ட பிள்ளை, அன்னிக்கு மட்டும் என்ன வந்ததுன்னு திடீர்னு நிறுத்தினாள்? நானும் நாலு நாளா யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், பிடிபடவே மாட்டேங்குது.

டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்க. "போட்டோ எடுத்ததும் நீங்க என்ன செய்வீங்க?" "ஏத்தப் போவேன் டாக்டர். சமையல்கூடத்துக்குள்ள சிக்னல் கிடையாது, குழாயடிக்குப் போகணும். அங்கே நின்னு, போயிடுச்சான்னு பார்த்துட்டுத்தான் வருவேன்"ன்னேன். "அப்போ பிள்ளை?" "நாக்கு நீலம் போக வாய் கொப்பளிச்சுக்கிட்டு இருப்பாள்." அவங்க பேனாவைக் கீழே வச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. அதட்டலை. அதட்டியிருந்தால் கூட நான் பதில் சொல்லியிருப்பேன். அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு அவகூட அரை மணி நேரம் பேசினாங்க. அவங்ககிட்ட வாயைத் திறந்திருக்காள். என்ன சொன்னாள்னு கேட்டேன், "அவளே உங்ககிட்டச் சொல்வாள், அதுவரைக்கும் வார்டுக்குள்ள போன் கொண்டுபோகாதீங்க"ன்னாங்க. அங்கே மிஷின் நிறைய இருக்குல்ல, அதுக்குத்தான்.

ரத்தம் ஏறும்போது தூங்கிட்டவள், அன்னிக்குச் சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். பக்கத்துல நான்தான். முதல் வார்த்தை என்ன தெரியுமா? "உன் போன் எங்கம்மா?" செத்துப் பிழைச்ச பிள்ளை தண்ணி கேட்கலை, அப்பா வந்தாரான்னு கேட்கலை. போனைத்தான் கேட்குது. வெளியே வச்சிருக்கேன்னு சொன்னதும் மூச்சு விட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாள். அந்த மேடம் சொன்னது எவ்வளவு நிஜம் பாருங்க. உயிர் போற நேரத்துல கூட அந்த நினைப்பு விடமாட்டேங்குது.

அதுக்கப்புறம் என்கூடப் பேசலை. ஊட்டினால் ரெண்டு வாய் வாங்குறாள், பல்லைத் திறக்காம, இடுக்குலயே உறிஞ்சுறாள். அதுக்குத்தான் இந்தப் பொங்கலைக் குழைய விட்டேன். நேத்து எஸ்தர் டீச்சர் வந்தாங்க. அவங்க மடியில தலையை வச்சுக்கிட்டுப் படுத்திருந்தாள், ஒரு மணி நேரம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெத்தவ நான் நிற்கிறேன், மடி அவங்களுது.

குரூப்புல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எப்படி இருக்காள், எப்படி இருக்காள்னு. அத்தனை பேர் அக்கறையாக் கேட்கும்போது பதில் சொல்லாம இருந்தால் நல்லா இருக்குமா? அதான் இன்னிக்கு விடியக்காலையில ஊருக்குப் பஸ் ஏறக் கிளம்பும்போது, நர்ஸ் அந்தப் பக்கம் போயிருந்தாங்க, முந்தானைக்குள்ள போனை மறைச்சுக்கிட்டுப் போய் ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். 'பாப்பா தேறி வருகிறாள், எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள், நாள் 66'ன்னு போட்டுட்டேன். இப்போவே நூறு பேருக்கு மேல பார்த்துட்டாங்க.

இந்தாங்க, பாருங்க. அட, உங்களுக்குத்தான் மங்கலாத் தெரியுமே. நான் சொல்றேன். இது கட்டில். இது ரத்தம் ஏத்தின கை, ஊசி குத்தினபடியே இருக்கு. அந்தக் கையைத் தூக்கி முகத்துக்கு நேரா வச்சிருக்காள், விரலை இப்படி அகல விரிச்சு. அதனால முகம் சரியா விழலை, கண்ணு ரெண்டும் இறுக்கி மூடியிருக்கிறது மட்டும் இடுக்குல தெரியுது.

தலைக்கு மேல டியூப் லைட் இருந்தது. வெளிச்சம் கூசுதுபோல. உங்களுக்கும் இப்படித்தான் கூசுமா அக்கா?